நடுவில் நடந்தவர்கள்

தவக்காலத்து வெள்ளிக்கிழமை என்றால் சாயங்காலம் சிலுவைப்பாதை. கோயில் சுவரில் பதினான்கு படங்கள். முதல் படத்தில் தீர்ப்பு, கடைசிப் படத்தில் அடக்கம். ஒவ்வொரு படத்துக்கு முன்னாலும் முழந்தாள் போட்டு, எழுந்து, பாடிக்கொண்டே அடுத்த படத்துக்கு நகர வேண்டும். ஆவூரில் அப்பாயியின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு அப்படி நகர்ந்த வயதில் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. மூன்றாம் படத்தில் ஆண்டவர் கீழே விழுந்து கிடக்கிறார். நான்காம் படத்தில் நின்றுகொண்டு மாதாவைப் பார்க்கிறார். எப்போது எழுந்தார்? யார் தூக்கிவிட்டது? இன்னொன்றும் உறுத்தியது. அன்றைக்கு நான் பார்த்த படங்களில் ஒன்றில் சிலுவை இடமிருந்து வலமாகப் போகிறது, அடுத்ததில் வலமிருந்து இடமாக. பாதி வழியில் திரும்பி வருகிறாரா?

அப்பாயியிடம் கேட்டேன். "பேசாம நட" என்றாள்.

அந்தக் கேள்விக்கு ஒரு தொழில்நுட்பப் பெயர் இருக்கிறது என்று எனக்குத் தெரியவர இருபது வருடத்துக்கு மேல் ஆனது. பகலில் கோடு எழுதுகிற வேலை. ராத்திரியில், நண்பன் ஒருவன் எடுத்த குறும்படத்தை எடிட் செய்து தருகிறேன் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டு, யூடியூபைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டிருந்தேன். ஒரு காட்சியில் இரண்டு பேர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பேசுகிறார்கள். ஒட்டிப் பார்த்தால் இருவரும் ஒரே திசையைப் பார்த்து, மூன்றாவதாக யாரோ ஒருவரிடம் பேசுவது போல இருந்தது. நண்பன் கேமராவைத் தப்பான பக்கத்தில் வைத்துவிட்டான். "லைன் கிராஸ் ஆயிடுச்சு" என்றார் தெரிந்த உதவி இயக்குநர் ஒருவர். அன்றைக்குத்தான் கன்டினியூட்டி எடிட்டிங் என்பதை ஒழுங்காகப் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க, அது ஒரு தொழில்நுட்பத்தின் வரலாறாக மட்டும் இல்லாமல், வரலாறு எழுதுவதைப் பற்றிய எச்சரிக்கையாகவும் தெரிந்தது. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

வெட்டு தெரியக் கூடாது

சினிமா என்பது துண்டுகள். ஒரு பெண் வீட்டுக் கதவைப் பூட்டுகிறாள். அடுத்த ஷாட்டில் பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிறாள். கதவு ஜனவரியில் ஒரு ஊரில் எடுத்தது, பஸ் மார்ச்சில் இன்னொரு ஊரில் எடுத்தது. பார்க்கிறவருக்கு அது ஒரே காலை. இந்த மயக்கத்தைத் தவறாமல் உண்டாக்குவதற்கான விதிகளின் தொகுப்புதான் கன்டினியூட்டி எடிட்டிங்.

விதிகள் எளிமையானவைதான். பேசுகிற இருவருக்கும் நடுவே ஒரு கற்பனைக் கோடு போட்டுக்கொள்ளுங்கள். கேமரா அந்தக் கோட்டுக்கு ஒரே பக்கத்தில் நிற்க வேண்டும். அப்போதுதான் ஒருவர் வலப்பக்கம் பார்த்தும் மற்றவர் இடப்பக்கம் பார்த்தும் பேசுவதாகத் தெரியும். 180 டிகிரி விதி என்பது இதுதான். ஒருவர் மேலே பார்த்தால், அடுத்த ஷாட்டில் அவர் பார்த்தது வர வேண்டும். ஒருவர் நாற்காலியிலிருந்து எழும்போது, பாதி எழுந்த நிலையில் வெட்டி, மீதி எழுவதை வேறு கோணத்தில் காட்டினால் கண் அசைவைப் பின்தொடரும், வெட்டைக் கவனிக்காது. இடத்தை முதலில் முழுசாகக் காட்டிவிட்டு அப்புறம் நெருங்க வேண்டும். இதற்கெல்லாம் துணையாகப் படப்பிடிப்பில் ஒருவர் நோட்டும் கையுமாக அலைவார். சட்டையின் எத்தனையாவது பொத்தான் திறந்திருந்தது, டம்ளரில் காபி எவ்வளவு இருந்தது, நெற்றி விபூதி எவ்வளவு அழிந்திருந்தது என்றெல்லாம் குறித்துக்கொள்வது அவர் வேலை. நம் ஊர் செட்டில் இது பெரும்பாலும் ஒரு உதவி இயக்குநரின் தலையில் விழும். வேலை சரியாக நடந்தால் அவரை யாருக்கும் தெரியாது. தப்பினால் மீம் வரும்.

எல்லா விதிக்கும் நோக்கம் ஒன்றே. நடுவில் எதையோ விட்டுவிட்டார்கள் என்று பார்ப்பவருக்குத் தோன்றக் கூடாது. சிலுவைப்பாதைப் படங்கள் இந்த விதிகளில் ஒன்றைக்கூட மதிக்கவில்லை. ஆனாலும் அந்தக் கோயிலில் என்னைத் தவிர வேறு யாருக்கும் சந்தேகம் வந்ததாகத் தெரியவில்லை. ஏன் என்ற கேள்விக்கு, தமிழ்நாட்டில் சினிமா வந்த கதைக்குள் ஒரு பதில் இருக்கிறது.

திருச்சியில் ஒரு புரொஜக்டர்

ஆவூர் 1690-களிலேயே சேசு சபையார் வந்து தங்கிய ஊர். இப்போது புதுக்கோட்டை மாவட்டம், முன்பு புதுக்கோட்டை சமஸ்தானம். ஆனால் சந்தை, ஆஸ்பத்திரி, காலேஜ், சினிமா எல்லாவற்றுக்கும் ஜனங்கள் திருச்சிப் பக்கம் திரும்பித்தான் பழக்கம். தென்னிந்தியாவின் ஊர்களுக்குச் சினிமா கிளம்பிப் போன இடங்களில் ஒன்று அந்தத் திருச்சி.

1905. சாமிக்கண்ணு வின்சென்ட் தென்னிந்திய ரயில்வேயின் திருச்சி அலுவலகத்தில் வரைவாளர். டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரர் படம் காட்டிக்கொண்டே ஊர் ஊராகச் சுற்றியவர். திருச்சிக்கு வந்த இடத்தில் உடம்புக்கு முடியாமல் போனது. அவரிடமிருந்து புரொஜக்டரையும் சில படங்களையும் வின்சென்ட் விலைக்கு வாங்கினார். அந்தப் படங்களில் முக்கியமானது இயேசுவின் வாழ்க்கை. வின்சென்ட் வேலையை விட்டுவிட்டுக் கூடாரம் போட்டு ஊர் ஊராகப் போனார். 1914-இல் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் என்று நிரந்தரத் திரையரங்கே கட்டினார்.

அந்தக் காலத்து இயேசு படங்கள் எப்படி இருந்தன என்பது முக்கியம். பிரான்சின் பாத்தே நிறுவனம் 1900-களின் தொடக்கத்தில் எடுத்த புகழ்பெற்ற இயேசு படத்தையே எடுத்துக்கொள்வோம். அது தனித்தனிக் காட்சிகளின் வரிசை. பிறப்பு ஒரு காட்சி, எகிப்துக்கு ஓடுவது ஒரு காட்சி, கடைசி இராவுணவு ஒரு காட்சி. பெரும்பாலும் கேமரா நாடகக் கொட்டகையின் நடுவரிசையில் டிக்கெட் வாங்கி உட்கார்ந்த ஆள் மாதிரி எதிரிலேயே இருக்கும். காட்சிகளைத் தனித்தனியாகவும் விலைக்கு வாங்கலாம். எதை வாங்குவது, எந்த வரிசையில் ஓட்டுவது என்பதைப் படம் காட்டுகிறவரே முடிவு செய்யலாம். இன்றைய கணக்கில் சொன்னால் எடிட்டர் அவர்தான்.

காட்சிக்கும் காட்சிக்கும் நடுவே இருந்த பள்ளத்தை யார் நிரப்பியது? கதை தெரிந்த கூட்டம் நிரப்பியது. திரைக்குப் பக்கத்தில் நின்று விளக்கம் சொல்கிறவர் நிரப்பினார். மௌனப் படக் காலம் முழுக்க இப்படிச் சொல்வதற்கென்றே கொட்டகைகளில் ஆள் இருந்தது. திரையில் தொடர்ச்சி இல்லை. கொட்டகையில் இருந்தது. சிலுவைப்பாதையும் அப்படித்தான் இயங்குகிறது என்பது எனக்குத் தாமதமாகத்தான் உறைத்தது. மூன்றாம் படத்துக்கும் நான்காம் படத்துக்கும் நடுவே ஆண்டவர் எழுந்து நடந்ததைப் படம் காட்டாது. விழுந்து கும்பிட்ட கூட்டம் எழுந்து நடக்கிறது.

ஒரே தீயை இரண்டு முறை அணைத்தவர்

வின்சென்ட் புரொஜக்டர் வாங்குவதற்கு இரண்டு வருடம் முன்னால், அமெரிக்காவில் எடிசன் கம்பெனிக்காக எட்வின் எஸ். போர்ட்டர் ஒரு படம் எடுத்தார். 1903-இல் வெளிவந்த அந்தப் படத்தின் பெயர் 'ஓர் அமெரிக்கத் தீயணைப்பு வீரனின் வாழ்க்கை'. எரிகிற வீட்டிலிருந்து தாயையும் பிள்ளையையும் காப்பாற்றுவதுதான் கதை. ஆறேழு நிமிடம்.

சினிமா வரலாற்றுப் புத்தகங்கள் பல பத்தாண்டுகள் இந்தப் படத்தைத் தலையில் வைத்துக் கொண்டாடின. காரணம், நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்துக்கு 1940-களில் வந்துசேர்ந்த ஒரு பிரதி. அதில் உச்சக்கட்டம் உள்ளேயும் வெளியேயும் மாறி மாறி வெட்டப்பட்டிருந்தது. அறைக்குள் தாய் மயங்குகிறாள். வெளியே ஏணி சாத்துகிறார்கள். உள்ளே வீரர் நுழைகிறார். வெளியே தாயோடு இறங்குகிறார். மறுபடி உள்ளே, பிள்ளை. இன்றைக்கு நாம் பார்க்கிற சினிமா மாதிரியே இருக்கிறது. ஆக 1903-லேயே ஒருவர் தொடர்ச்சியான படத்தொகுப்பைக் கண்டுபிடித்துவிட்டார், அங்கிருந்து கிரிஃபித், அங்கிருந்து ஹாலிவுட் என்று நேர்கோடு போட்டுவிடலாம்.

சிக்கல் என்னவென்றால் இன்னொரு பிரதியும் இருந்தது. அப்போது அமெரிக்காவில் சினிமாவுக்கென்று தனிப் பதிப்புரிமைச் சட்டம் கிடையாது. அதனால் படத்தின் ஒவ்வொரு ஃபிரேமையும் நீளமான காகிதச் சுருளில் புகைப்படமாக அச்சடித்து, அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் புகைப்படம் என்று பதிவு செய்வார்கள். அந்தக் காகிதச் சுருளில் இருந்த படம் வேறு மாதிரி. முதலில் அறைக்குள் நடப்பது முழுவதும் வருகிறது. வீரர் வருகிறார், தாயைத் தூக்கிக்கொண்டு ஜன்னல் வழியாகப் போகிறார், திரும்பி வந்து பிள்ளையைத் தூக்குகிறார். எல்லாம் முடிந்த பிறகு, அதே மீட்பு வெளியிலிருந்து மறுபடி முதலிலிருந்து வருகிறது. அதே ஏணி, அதே தாய், அதே பிள்ளை. தீயணைப்பு வீரர் ஒரே குடும்பத்தை இரண்டு முறை காப்பாற்றுகிறார்.

எது அசல்? வெகுகாலம் சண்டை நடந்தது. 1970-களின் இறுதியில் சார்லஸ் மஸ்ஸர், ஆந்த்ரே கோத்ரோ போன்ற ஆய்வாளர்கள் அந்தக் காலத்துப் பிற படங்களோடும் விற்பனைப் பட்டியல்களோடும் ஒப்பிட்டுப் பார்த்து, காகிதச் சுருள்தான் அசல் என்று நிறுவினார்கள். அருங்காட்சியகப் பிரதியை, பின்னாளில் யாரோ ஒருவர், இரண்டு முறை வருவது தப்பு என்று நினைத்து வெட்டி ஒட்டிச் 'சரி' செய்திருக்கிறார். அவர் கெட்ட எண்ணத்தோடு செய்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. சினிமா என்றால் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும்; தெரிந்த மாதிரி மாற்றிவிட்டார். அந்தத் திருத்தத்தின் மேல் ஒரு கலையின் தொடக்க வரலாறே எழுதப்பட்டது.

போர்ட்டருக்கு விவரம் போதாது என்றும் சொல்ல முடியாது. அவர் கூட்டத்துக்கு ஒரு ஷாட் என்பது ஒரு முழுப் படம். உள்ளே நடந்ததை முழுசாகச் சொல்லிவிட்டு, 'இதையே வெளியே நின்றவர்கள் எப்படிப் பார்த்தார்கள் தெரியுமா' என்று மறுபடி தொடங்குவது கதை சொல்வதில் பழைய வழக்கம். நம் கூத்திலும் கதாகாலட்சேபத்திலும் இது புதிதில்லை. ஒரு கதையை வேகமாக ஓட்டுவதே அதைச் சொல்வதற்கான ஒரே வழி என்று அன்றைக்கு இன்னும் முடிவாகியிருக்கவில்லை.

எங்கள் தொழிலில் இதற்குச் சமமான ஒன்று உண்டு. கிட் பயன்படுத்துகிறவர்களுக்குத் தெரியும். ஒரு வாரம் தடுமாறி, தப்பு செய்து, திரும்பி வந்து எழுதிய கோடை, கடைசியில் ரீபேஸ் செய்து, ஒரே மூச்சில் யோசித்து எழுதியது போன்ற அழகான வரிசையாக மாற்றிவிடலாம். பார்க்கச் சுத்தமாக இருக்கும். ஆறு மாதம் கழித்து ஒரு பிழை வந்து, 'இந்த வரியை ஏன் இப்படி எழுதினோம்' என்று தேடும்போது, காரணம் இருந்த கமிட் மட்டும் காணாமல் போயிருக்கும்.

டங்கன் வந்தார், எல்லாம் வந்தது?

தமிழ் சினிமா வரலாற்றிலும் இப்படி ஒரு சுத்தமான வரிசை உண்டு. நானே நண்பர்களிடம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆரம்பத்தில் நாடகத்தை அப்படியே படம் பிடித்தார்கள். அப்புறம் அமெரிக்காவிலிருந்து எல்லிஸ் ஆர். டங்கன் வந்தார்; நமக்கு ஷாட் வைக்கவும் வெட்டவும் கற்றுக்கொடுத்தார்.

இதில் உண்மை இருக்கிறது. டங்கன் தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் சினிமா படித்தவர். உடன் படித்த மாணிக் லால் டாண்டனின் அழைப்பில் 1935-இல் இந்தியா வந்தார். 1936-இல் 'சதி லீலாவதி'யை இயக்கினார். எம்.ஜி.ஆர்., என்.எஸ். கிருஷ்ணன், டி.எஸ். பாலையா ஆகியோருக்கு அதுதான் முதல் படம். 1937-இல் எம்.கே. தியாகராஜ பாகவதரை வைத்து 'அம்பிகாபதி', 1945-இல் எம்.எஸ். சுப்புலட்சுமியை வைத்து 'மீரா', கடைசியாக 1950-இல் 'மந்திரி குமாரி'. அவர் படித்து வந்தபோது ஹாலிவுட்டில் தொடர்ச்சி விதிகள் கெட்டிப்பட்டுப் பல வருடம் ஆகியிருந்தது. 1917 வாக்கிலேயே அவை அங்கே பொது வழக்கமாகிவிட்டன என்பது ஆய்வாளர்கள் பலரின் கணக்கு. நகரும் கேமரா, நெருக்கக் காட்சி, ஷாட் ஷாட்டாகப் பிரித்து எழுதிய திட்டம் என்று டங்கன் கொண்டுவந்தவை நிஜமானவை.

ஆனால் டங்கனுக்குத் தமிழ் தெரியாது. கடைசிவரை கற்றுக்கொள்ளவும் இல்லை. தமிழ் தெரியாத ஒருவர் பதினைந்து வருடம் தமிழ்ப் படம் எடுக்க முடிந்தது எப்படி? பார்வையின் திசை, நுழைவதும் வெளியேறுவதும், எழுவதும் உட்காருவதும் மொழி தெரியாமலே சரிபார்க்கக்கூடியவை. ஒருவகையில் கன்டினியூட்டி எடிட்டிங்குக்கு நடந்த மிகக் கடுமையான பரீட்சை அது, அது பாஸ் ஆனது. அதே நேரம் மீதியை வேறு ஆட்கள் சுமந்தார்கள். 'அம்பிகாபதி'யின் காதல் காட்சிக்கு டங்கன் 'ரோமியோ ஜூலியட்'டை முன்மாதிரியாகக் கொடுத்தார். அதைத் தமிழாக மாற்றியவர் வசனகர்த்தா இளங்கோவன். எந்த வரியில் மூச்சு முடிகிறது, எங்கே வெட்டினால் அர்த்தம் உடையும் என்று சொல்லத் தமிழ் தெரிந்த உதவியாளர்கள் பக்கத்தில் இருக்க வேண்டும். 'டங்கன் கற்றுக்கொடுத்தார்' என்ற ஒரு வாக்கியத்தில் இவர்கள் எல்லாரும் வெட்டுப்பட்டுப் போகிறார்கள்.

அவருக்கு முன்னால் இருந்ததைப் பற்றியும் நாம் உறுதியாகப் பேசுகிறோம். எதைப் பார்த்துவிட்டு? சென்னையில் நடராஜ முதலியார் 1917-18 வாக்கில் எடுத்த 'கீசக வதம்' இன்று இல்லை. 1931-இல் வந்த 'காளிதாஸ்' இல்லை. தென்னிந்திய மௌனப் படங்களில் எஞ்சியதாக எப்போதும் சொல்லப்படுவது 1933-இன் 'மார்த்தாண்ட வர்மா' ஒன்றுதான். மற்றவற்றில் வெட்டு எப்படி இருந்தது, கேமரா எங்கே நின்றது என்று சொல்ல நம்மிடம் ஃபிலிம் இல்லை. ஆரம்பம் எல்லாம் வெறும் நாடகம் என்று நாம் சொல்வதில் பாதி, காணாமல் போன ரீல்களின் மேல் நாம் போட்ட ஒட்டுதான்.

'காளிதாஸ்' பற்றி எஞ்சியிருக்கும் தகவலே போதும், அந்தக் கூட்டத்தை நாம் குறைத்து எடைபோடுகிறோம் என்று புரிய. கதாநாயகி டி.பி. ராஜலட்சுமி தமிழில் பேசினார். கதாநாயகன் தெலுங்கில் பேசினார். இன்னொருவர் இந்தியில் பேசினார். காளிதாசன் காலத்துக் கதையில் காந்தியைப் பற்றிய பாட்டும் இருந்தது. மொழித் தொடர்ச்சியும் இல்லை, காலத் தொடர்ச்சியும் இல்லை. ஜனங்கள் கூட்டம் கூட்டமாகப் போய்ப் பார்த்தார்கள். அவர்கள் ஏமாறவில்லை. பள்ளத்தைத் தாண்டத் தெரிந்தவர்களாக இருந்தார்கள்.

இங்கே என் சொந்த ஊகம் ஒன்று. ஹாலிவுட் தன் தொடர்ச்சியைக் கண்ணில் கட்டியது. நாம் காதில் கட்டினோம். 'மீரா'வில் குழந்தை மீரா ஒரு பாட்டைப் பாடிக்கொண்டே வளர்ந்து எம்.எஸ். ஆகிறாள். நடுவில் போன வருடங்களைப் பாட்டு அணைத்துக்கொள்கிறது. அதற்குப் பிறகு எத்தனை படங்களில் ஒரு சரணத்துக்குள் பையன் தையல் மெஷினோ சைக்கிள் பெடலோ மிதித்து ஆளாகியிருக்கிறான்! பல்லவியில் ஊட்டி, சரணத்தில் காஷ்மீர், நான்கு வரிக்கு ஒரு சேலை. 180 டிகிரி விதியைக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறவர் மயங்கி விழுந்துவிடுவார். நமக்கு ஒரு உறுத்தலும் இல்லை. குரல் அறுபடவில்லை, அது போதும். டங்கனின் படத்திலேயே இரண்டு பள்ளிகளும் சந்திக்கின்றன என்பதால்தான், யார் யாருக்குக் கற்றுக்கொடுத்தது என்ற கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்ல எனக்குத் தயக்கமாக இருக்கிறது.

வழவழப்பாக வரும் பொய்

பாட்டு இல்லாமலும் நம்மவர்கள் எடுத்துக் காட்டினார்கள். 1954-இல் ஏவி.எம். தயாரிப்பில் எஸ். பாலசந்தர் இயக்கிய 'அந்த நாள்'. 1943-இல் சென்னையின் மேல் ஜப்பானியர் குண்டு போட்ட நேரம். ரேடியோ எஞ்சினியர் ராஜன் சுட்டுக் கொல்லப்படுகிறான். சிவாஜி நடித்த அந்தப் பாத்திரம் முதல் சில நிமிடங்களிலேயே செத்துவிடும். அப்புறம் விசாரணை. பக்கத்து வீட்டுக்காரர், தம்பி, தம்பி மனைவி, காதலி, மனைவி என்று ஒவ்வொருவர் பேசும்போதும் ஒரு ஃப்ளாஷ்பேக்.

இந்தப் படத்தை எடிட்டிங் படித்த பிறகு மறுபடி பார்த்தேன். ஒவ்வொரு ஃப்ளாஷ்பேக்கும் உள்ளுக்குள் சுத்தமாக ஒட்டியிருக்கிறது. ஒருவர் பார்க்கிறார், பார்த்தது வருகிறது. ஒருவர் எழுகிறார், நடக்கிறார், கதவு திறக்கிறது. வழவழப்பாக ஓடுவதால் நம்பிவிடுகிறோம். அடுத்த ஆள் வந்து, வேறொரு சந்தேகத்தை அதே வழவழப்போடு சொல்கிறார். அதையும் நம்புகிறோம். எல்லாமே உண்மையாக இருக்க முடியாது என்பது தெரிந்தும் நம்புகிறோம்.

கன்டினியூட்டி எடிட்டிங்கின் பலமும் ஆபத்தும் இதுதான். வெட்டுக்குப் பின் வருவது, வெட்டுக்கு முன் வந்ததன் விளைவு என்று மூளை முடிவு கட்டிவிடுகிறது. அது சரியா என்று கேட்க நேரம் கொடுப்பதில்லை. நல்ல வரலாற்றுப் பத்தியும் இப்படித்தான் எழுதப்படுகிறது. 'இதனால்', 'அதைத் தொடர்ந்து', 'விளைவாக'. ஒட்டுக் கோந்து மாதிரி மூன்று சொற்கள்.

ஆபரேட்டரின் கத்தரி

இனி அப்பாயிக்கு வருகிறேன். அவளுடைய சினிமா பக்கத்து ஊர் டென்ட் கொட்டகையில். மணல் குவித்து உட்கார வேண்டும். புரொஜக்டர் ஒன்றுதான், ஒரு பார்ட் முடிந்து அடுத்ததை மாட்டும்வரை விளக்கைப் போட்டு முறுக்கு விற்பார்கள். ஒரு படத்துக்கு மூன்று இடைவேளை சாதாரணம். பெரிய ஊரில் ஓடித் தேய்ந்த பிரின்ட் கடைசியாகத்தான் அங்கே வரும். நடுவில் அறுந்தால் ஆபரேட்டர் கிழிந்த இடத்தை வெட்டி, சிமென்ட் தடவி ஒட்டுவார். ஒவ்வொரு ஒட்டிலும் கொஞ்சம் ஃபிரேம் போகும். நேரமாகிவிட்டால் ஒரு பாட்டே போகும். 1960-இல் கோதார் தன் முதல் படத்தில் காட்சிக்கு நடுவில் குதித்துக் குதித்து வெட்டியதற்கு உலகமே ஆச்சரியப்பட்டது. எங்கள் பக்கத்து ஆபரேட்டர்கள் அதைத் தினம் இரண்டு காட்சி செய்துகொண்டிருந்தார்கள்.

அப்பாயி சினிமாக் கதை சொன்னால் படத்தைவிட நீளமாக இருக்கும். அவள் அடிக்கடி சொன்ன கதை ஒன்று. புருஷன் வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு ஒருத்தி கைப்பிள்ளையோடு அண்ணன் வீட்டுக்குப் போகிறாள். படத்தின் பெயர் அவளுக்குக் கடைசிவரை ஞாபகம் வரவில்லை. அது ஒரே படம்தானா என்பதுகூட எனக்குச் சந்தேகம். ஆனால் அந்தப் போகிற கட்டம் மட்டும் மாறாது.

"வாசல்ல எறங்கிட்டா. நடக்குறா. வெயிலு. காலுல செருப்பு இல்ல. ஒரு கம்மாக் கரை வருது. புள்ள அழுவுது. ஒரு புளியமரத்துல உக்காந்து பால் குடுக்குறா. மறுபடி நடக்குறா…"

எந்தத் தமிழ்ப் படமும் அவ்வளவு நேரம் ஒருத்தியை நடக்கவிட்டிருக்காது என்று இப்போது எனக்குத் தெரியும். வாசலில் இறங்குவது ஒரு ஷாட், அண்ணன் வீட்டுக் கதவைத் தட்டுவது அடுத்த ஷாட். நடுவில் கண்மாயும் புளியமரமும் இருந்திருக்க வாய்ப்பில்லை. எடிட்டர் வெட்டிய வழியை அப்பாயி திரும்ப நடந்திருக்கிறாள். கொட்டகைக்கு வயக்காட்டு வழியாக நடந்து போய், ராத்திரி நடந்தே திரும்பியவள். ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்கு நடக்காமல் போய்விட முடியும் என்பதை அவள் ஏற்றுக்கொள்ளவே இல்லை.

இதே அப்பாயி தன் கதையைச் சொன்னால் வேறு மாதிரி. கல்யாணம், புருஷன் ஊர், மாமியார், எல்லாம் சாவகாசமாக வரும். அப்புறம் ஒரு இடத்தில், "அதுக்கப்புறம் இங்க ஆவூருக்கே வந்துட்டோம்" என்பாள். அடுத்த வாக்கியத்தில் என் அப்பா பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருப்பார். கூட்டிக் கழித்துப் பார்த்தால் நடுவில் நான்கு வருடம் வருகிறது. அந்த நான்கு வருடம் எங்கே இருந்தார்கள், ஏன் வந்தார்கள் என்று கேட்டால், "அதுல என்னத்த இருக்கு" என்று எழுந்து போய்விடுவாள். எவ்வளவு துல்லியமான வெட்டு! வருடக்கணக்காகக் கேட்டும் எனக்கு அது உறுத்தவே இல்லை. அவள் இறந்த பிறகு, குடும்பத்தின் கதையை எழுதி வைக்கலாம் என்று தேதிகளை வரிசைப்படுத்தியபோதுதான் பள்ளம் தெரிந்தது.

எழுதும்போது கை பரபரத்தது. பஞ்சமா, பங்காளிச் சண்டையா, கடனா என்று அந்தப் பக்கத்துக் குடும்பங்களுக்கு என்னென்ன நடந்தது என்று பொதுவாகத் தெரியும். அதில் ஒன்றை எடுத்து, 'இதனால் குடும்பம் ஆவூருக்குத் திரும்பியது' என்று ஒரு வாக்கியம் போட்டால் பத்தி வழவழவென்று ஓடும். படித்த பெரியப்பா கூட, "இருக்கும் இருக்கும், அதான் நடந்திருக்கும்" என்றிருப்பார். இரண்டு தலைமுறை போனால் அது உண்மையாகவே ஆகிவிடும். அருங்காட்சியகத்தில் அந்த அமெரிக்கத் தீயணைப்பு வீரர் ஆனது போல.

ஒரு வரைவில் அந்த வாக்கியத்தைப் போட்டும் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. பிறகு எடுத்துவிட்டேன். இப்போது அந்தக் கோப்பில், கல்யாணத்துக்கும் ஆவூருக்கும் நடுவே ஒரு வெற்று வரி இருக்கிறது. வாசிக்கிறவர் அங்கே தடுக்கி விழுவார் என்று தெரியும்.

போன தவக்காலத்தில் ஊருக்குப் போயிருந்தேன். அத்தை பேத்தி என் விரலைப் பிடித்துக்கொண்டு வந்தாள். மூன்றாம் படத்துக்கும் நான்காம் படத்துக்கும் நடுவில் நின்று, நிமிர்ந்து பார்த்து, "மாமா, சேசு எப்ப எந்திரிச்சாரு?" என்றாள்.

தெரியலையே என்றேன். கூட்டம் பாட ஆரம்பித்துவிட்டது. இரண்டு பேரும் நடந்தோம்.